வடக்கு வேலிக் கல்

புயல் வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மாவும் நானும்தான். ஆடு இரண்டையும், அடையில் கிடந்த கோழியையும் சேர்த்தால் ஐந்து உயிர். இல்லாதவர்கள் அப்பா, அண்ணன், அக்கா. அப்பா கண்ணில் வெள்ளை படர்ந்து, அதை வெட்டுவிக்க யாழ்ப்பாணத்துக்குப் போய், கட்டுப்போட்ட கண்ணோடு அத்தை வீட்டில் இருந்தார். அண்ணன் வன்னிக்குள். போரால் பாதை பூட்டிய பிறகு அவனிடமிருந்து கடிதமும் இல்லை, அவனைக் கண்டேன் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. அக்கா கலியாணம் கட்டி இந்தியாவில் ஒரு அகதி முகாமில். அவர்களோடு பக்கத்து வீட்டு வடக்கு வளவுக்காரரையும் இல்லாதவர்களில் சேர்க்க வேண்டும். அவர்கள் கனடாவில் இருந்தார்கள். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட முடிவுகளில் அவர்களுக்கும் ஒரு குரல் இருந்தது.

எங்கள் வீடு நெடுந்தீவின் மேற்குக் கரையில். ஒழுங்கையில் ஏழு வீடுகள். அந்தக் கார்த்திகையில் அவற்றில் மூன்றில்தான் அடுப்பு எரிந்தது. மற்ற நான்கிலும் கதவுக்கு முன்னால் முள் வைத்துக் கட்டியிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்து, உயர்தரச் சோதனை எழுதிவிட்டு, முடிவு வருமட்டும் வீட்டில் நின்றேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா கையெழுத்து வைப்பார். அம்மா பெருவிரல் வைப்பாள். அதனால் வானொலிச் செய்தியைக் கேட்டு விளக்கம் சொல்லுவது என் வேலை என்று வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது.

அத்தை கனகாலமாக அப்பாவையும் அம்மாவையும் பட்டினத்துக்கு வந்து இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தா. வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில், கோயில் பக்கத்தில், தனிய அங்கே கிடந்து என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. அப்பாவுக்குப் பாதி மனம். அம்மாவுக்கு மனமே இல்லை. அண்ணன் ஒருநாள் வந்தால் எந்த வீட்டுக்கு வருவான் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் சொல்லுவது கிணற்றைத்தான். "உங்கட தண்ணியிலை தேத்தண்ணி போட்டால் மருந்து குடிச்ச மாதிரி இருக்கு" என்று அத்தையிடம் சொல்லுவாள். தீவுகளில் நல்ல தண்ணீர்க் கிணறு என்பது எல்லா வளவிலும் கிடைப்பதல்ல. தோண்டின பத்தில் எட்டு உவராகிவிடும். எங்கள் வளவின் வடக்கு மூலையில், கடலுக்கு அவ்வளவு கிட்ட இருந்தும், இளநீர் மாதிரித் தண்ணீர் இருந்தது. அந்தக் கிணறு நல்ல தண்ணீரோடு இருக்கிற வரைக்கும் அம்மாவை ஒருவராலும் தீவைவிட்டு எழுப்ப ஏலாது. அது போனால் அவள் சொல்ல ஒன்றும் இல்லை. இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

செய்தி காலையில் வந்தது. தாழமுக்கம் புயலாகிவிட்டது, வடக்குக் கரையைத் தாக்கும், கடலுக்குப் போக வேண்டாம். அதற்கு முதல் நாளே தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் போகிற படகு நின்றுவிட்டது. கிராம அலுவலரான விதானையார் சைக்கிளில் வந்து, கரையோர ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று படலையில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஓம் என்றாள். அந்த ஓமுக்கு என்ன அர்த்தம் என்று விதானையாருக்கும் தெரிந்திருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் தண்ணீர். அம்மா வீட்டில் இருந்த குடம், கிடாரம், வாளி எல்லாவற்றையும் நிரப்பச் சொன்னாள். நான் அள்ளினேன், அவள் தூக்கினாள். பிறகு அரிசியையும் மாவையும் தகர வாளிக்குள் போட்டு, மூடிக்கு மேல் சாக்கு கட்டினோம். விறகைக் குசினிக்குள் அடுக்கினோம். சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைக் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். அண்ணனுடைய படமும் அதே ஆணியில்தான் தொங்கியது. அதையும் அதே பையில் வைத்தாள்.

அதன் பிறகு கூரை. எங்கள் வீடு கல்லுச் சுவர், பனையோலைக் கூரை. புயலுக்குக் கூரை கட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. தொழிலுக்கு உதவாத பழைய வலையை முகட்டுக்கு மேலால் போர்த்து, அதற்கு மேல் கயிறுகளைக் குறுக்கே எறிந்து, ஒவ்வொரு கயிற்றின் இரண்டு நுனியிலும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது. ஓலை பறக்காது. கூரை மேலே எழும்பப் பார்த்தால் கல் கீழே இழுக்கும். இது நாலைந்து ஆண்கள் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் முகட்டில், இரண்டு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். முந்தி ஒழுங்கை ஆட்கள் ஒரு வீட்டை முடித்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

நான் ஏணியில் ஏறி வலையை முகட்டுக்கு மேலால் தள்ளினேன். அம்மா மறுபக்கம் போய் நின்று அதன் விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். எனக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கு நான் தெரியவில்லை. காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. "பிடிச்சிட்டியளோ" என்று கூப்பிட்டால் மறுமொழி கேட்காது. வலை என் கையில் இறுகும்போது அவள் பிடித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்வேன். தளரும்போது கைமாற்றுகிறாள் என்று எடுத்துக்கொள்வேன். அப்படியே கயிறு கயிறாக எறிந்தோம். ஒரு முறை கயிறு நெடுநேரம் தளர்ந்தே கிடந்தது. இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா கயிற்றின் நுனியைக் காலில் மிதித்துக்கொண்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள். என்னைக் கண்டதும், ஏன் இறங்கினாய் என்று ஏசினாள்.

கயிறு முடிந்தது. இனிக் கல் வேண்டும். ஐம்பது, அறுபது கல்.

எங்கள் தீவில் வேலி என்பது நட்ட கதியால் தடியும் பின்னின கிடுகு ஓலையும் அல்ல. கடற்கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இடுப்பளவுக்கு அடுக்கியது. புயலுக்குக் கூரைக் கல்லை எல்லாரும் வேலியிலிருந்துதான் எடுப்பார்கள். புயல் போனதும் திரும்ப அடுக்கிவிடுவார்கள். ஆனால் எந்த வேலி யாருடையது என்பதில் கண்டிப்பு உண்டு. ஊரில் நடந்த காணி வழக்குகளில் பாதி, வேலிக் கல் இடம் மாறிய வழக்குகள். எங்களுடையவை கிழக்கும் மேற்கும். தெற்கில் பனங்கூடல், மேட்டு நிலம், வேலி இல்லை. வடக்கு வேலி வடக்கு வளவுக்காரருடையது.

கிழக்கு வேலி ஒழுங்கைப் பக்கம். அதைப் பிரித்தால் மாடும் கட்டாக்காலிக் குதிரையும் உள்ளே வந்துவிடும். மேற்கு வேலி கடல் பக்கம். மாரி காலத்தில் எங்களுக்குக் காற்று வடகிழக்கால், வாடைப் பக்கமிருந்துதான் வரும். அந்த மாதங்களில் மேற்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கல் எடுக்க அதுதான் இடம் என்று அம்மா சொன்னாள். நானும் வானொலி சொன்ன திசையை நினைத்துப் பார்த்து, ஓம் என்றேன்.

நாங்கள் மேற்கு வேலியில் கை வைத்திருக்கும்போதுதான் ஒழுங்கைக் கடைசி வீட்டு அண்ணை வந்தார். கடற்தொழில் செய்கிறவர். தன்னுடைய வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து, உள்ளே மண்ணைப் போட்டு நிரப்பிவிட்டு, இடுப்பில் கட்டிய சாரம் நனைந்தபடி வீட்டுக்குப் போகிற வழி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், ஒவ்வொரு கல்லாய்ப் பேர் கூப்பிட்டு இடாப்புப் போடுறீரோ? இந்த விதத்திலை போனால் புயல் வந்து திரும்பியும் போயிடும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் வேலியின் அடியைக் காலால் தட்டிப் பார்த்தார். வருடக்கணக்காகக் கடல் கொண்டுவந்த மண் அதில் அணைந்து, கல்லும் மண்ணுமாக ஒரு வரம்பு மாதிரி இருந்தது.

"அக்கா, இதிலை ஏன் எடுக்கிறியள்? அங்கை வடக்கு வேலி சும்மாதானே நிக்குது. கிணத்தடியிலை இருந்து நாலு எட்டு. தூக்கிறதும் சுகம்."

அது அவையளின்ரை வேலி என்று அம்மா சொன்னாள்.

"அவையள் கனடாவிலை இருந்து பாத்துக்கொண்டோ இருக்கினம்?"

"பாக்காட்டில் என்ன தம்பி. கேக்காமல் எடுக்கேலாது."

"கேக்கிறதுக்கு ஆளெங்கை அக்கா?"

அம்மா கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆளில்லாத படியால்தான் சொல்லுறன். ஆள் நிண்டால் படலையிலை நிண்டு ஒரு குரல் குடுத்திட்டு எடுத்திருப்பன்" என்றாள்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். இரண்டு கல்லைக் கூரையடிவரை கொண்டு வந்து போட்டுவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கப் போனார். அவருக்கும் ஒரு கூரை இருந்தது.

வடக்கு வளவுக்காரர் நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது போனவர்கள். போகிற அன்று காலை அந்த வீட்டு அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, வளவைப் பார்த்துக்கொள்ளுங்கோ, எல்லாம் சரிவந்ததும் வந்துவிடுவோம் என்று சொன்னா. அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அவர்களுடைய முற்றத்தை அந்தோனியார் பெருநாளுக்கு முன்னால் கூட்டுவாள். குதிரை உதைத்து வேலியில் கல் விழுந்தால், தான் போய் அதை அதே இடத்தில் வைப்பாள். அவர்கள் கிணற்றுக்குமேல் பனையோலை வெட்டிப் போடுவாள், சருகு விழாமல் இருக்க. ஆனால் ஒரு வாளி தண்ணீர் அதில் அள்ளியதில்லை. எங்களுக்குத் தேவையும் இருக்கவில்லை.

மேற்கு வேலியில் ஒரு வண்டில் போகிற அகலத்துக்கு இடைவெளி விழுந்த பிறகுதான் கூரைக்குக் கல் போதுமாக இருந்தது. எல்லாக் கயிறும் இறுகி நின்றது. அம்மா தூர நின்று வீட்டைப் பார்த்து, சிலுவை அடையாளம் போட்டாள். ஆடுகளை உள்ளே கொண்டுவந்து கட்டினோம். கோழியை அதன் முட்டைகளோடு பெட்டிக்குள் வைத்து, அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினோம். பள்ளிக்கூடத்துக்குப் போவோமா என்று நான் ஒரு முறை கேட்டேன். நீ போ, நான் வரமாட்டேன் என்றாள். ஒருவரைத் தனிய விட்டுவிட்டு மற்றவர் போகிற வீடாக அது இருக்கவில்லை.

மறுநாள் விடிய வாடைக் காற்று பிடித்தது. மழை கிடையாக அடித்தது. கூரை மூச்சு விடுகிற மாதிரி எழும்பித் தாழ்ந்தது. வெளியே கற்கள் சுவரில் மோதிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா மேலே பார்த்தாள். கட்டு அவிழவில்லை. பொழுது ஏறியும் வெளிச்சம் வரவில்லை. வானொலியில் இரைச்சல் மட்டும்தான். நான் அதை நிற்பாட்டினேன். நாங்கள் ரொட்டியைத் தின்றோம். அப்பா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று நான் கேட்டதற்கு, ஒற்றைக் கண்ணால் அத்தையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றாள். அந்த நாளில் நாங்கள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று குறைந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா எழுந்து கதவருகில் போய் நின்றாள். பிறகு முகத்தை மேற்கே திருப்பினாள். "மோனை, கச்சான் பிடிக்குது" என்றாள்.

மாரியில் எங்களுக்கு மேற்குக் காற்று வருவதில்லை. புயல் எங்களுக்கு வடக்கால் கடந்தபோது காற்றுத் திரும்பிவிட்டது. குளம் மாதிரிக் கிடந்த கடலை அது அப்படியே எழுப்பிக் கொண்டுவந்தது. நாங்கள் வெளியே ஓடியபோது கரைக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த மணல் தெரியவில்லை. வேலி நின்ற இடங்களில் தண்ணீர் வந்து மோதித் திரும்பியது. நாங்கள் பிரித்த இடத்தால் உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு பாய் விரித்த அளவு. கணுக்காலுக்குச் சூடாக இருந்தது நினைவிருக்கிறது. மழைதான் குளிர்.

அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். அதன் கல் முழுவதும் கூரையில் தொங்கியது. கயிற்றை வெட்டினால் கூரை போய்விடும். காற்று அப்போது அவ்வளவு பலம். சாக்கில் மண் போடலாம் என்று நான் சாக்கை எடுக்க ஓடினேன். ஈரச் சாக்கை இருவராலும் அரைவாசிகூட நிரப்ப முடியவில்லை. வைத்ததைத் தண்ணீர் புரட்டிக்கொண்டு போனது. கிணறு எங்களுக்குப் பின்னால். அதற்கும் பின்னால், கைக்கெட்டுகிற தூரத்தில், வடக்கு வேலி. உறுதியான, ஒருவரும் தொடாத கல்.

"அம்மா, வடக்கு வேலியிலை எடுப்பம்" என்று கத்தினேன்.

அவள் அந்த வேலியைப் பார்த்தாள். எடுக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள்: "அவையள் வந்து கேட்டால் என்ன மோனை சொல்லுறது?"

நான் போய் எடுத்திருக்கலாம் என்று பிறகு கடைசி வீட்டு அண்ணை சொன்னார். எடுத்திருந்தாலும் நேரம் காணாது என்றும் அவரே சொன்னார். இரண்டும் சரியாக இருக்கலாம். எனக்கு அந்த நேரம் அவள் கேட்ட கேள்விக்கு மறுமொழி தெரியவில்லை. ஒன்பது வருடமாக அவள் அந்த மறுமொழிக்காகவே அந்த வேலியைக் காத்து வந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் அரைவாசி நிரம்பிய சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் எங்கள் முழங்காலைத் தாண்டிப் போய், கிணற்றுக் கட்டின் சரிந்திருந்த பக்கத்தால் உள்ளே விழத் தொடங்கியது. அது விழுகிற சத்தம் அந்தக் காற்றிலும் கேட்டது.

கூரையில் ஒரு ஓலைகூடப் போகவில்லை. இதை நான் சொல்ல வேண்டும். ஒழுங்கையில் மூடியிருந்த வீடுகளில் இரண்டுக்கு முகடே இல்லை. எங்கள் வீட்டைப் பார்த்தவர்கள் நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றார்கள்.

கடல் திரும்பின பிறகு அம்மா ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி, வாயில் வைத்தாள். துப்பவில்லை. விழுங்கினாள். வாளியை என்னிடம் தந்துவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போனாள்.

அண்ணையும் நானும் கிணற்றை இறைத்தோம். அடி தெரியுமட்டும் இறைத்தோம். ஊறிவந்த தண்ணீரும் உப்பு. கொஞ்சம் விட்டு மறுபடி இறைத்தோம். அடிக்கடி இறைத்தால் அடியிலிருந்து இன்னும் உப்புத்தான் ஏறும், மழை பெய்து மண் கழுவட்டும் என்று அண்ணை சொன்னார். எத்தனை மாரி என்று அம்மா கேட்டாள். இரண்டு, மூன்று என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். குடத்திலும் கிடாரத்திலும் நிரப்பி வைத்ததைக் குடித்துக்கொண்டிருந்தோம். அதைச் சமையலுக்கு அளந்து எடுத்தோம். அம்மா தன் பங்கை ஆட்டுக்கு ஊற்றுவதை நான் இருமுறை கண்டேன். பொதுக் கிணறு வெகுதூரம். நான் போய் இரண்டு பிளாஸ்டிக் கானில் கொண்டுவருவேன். சோதனை முடிவு வந்தால் நான் போய்விடுவேன். அதன் பிறகு கொண்டுவர ஆளில்லை.

படகு ஓடத் தொடங்கியதும் அப்பாவின் சொல் பட்டினத்துக்குப் போய்வந்த கடைசி வீட்டு அண்ணை மூலம் வந்தது. இனி அங்கே என்ன இருக்கிறது, ஆட்டை விற்றுவிட்டு வாருங்கோ, அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறது என்று.

அம்மா அன்று பின்னேரம் வடக்கு வேலியடியில் நெடுநேரம் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் மண் உப்புப் படாமல் காய்ந்து கிடந்தது. அவர்களுடைய மேற்கு வேலியைக் கடல் தாண்டவில்லை. எங்கள் வளவுக்குள் வந்ததை, அடியில் மண் அணைந்திருந்த இந்த வேலி அங்கே போகவிடவில்லை. அவர்களுடைய கிணற்றுக்குமேல் அம்மா போட்ட ஓலை அப்படியே இருந்தது. அதில் இருப்பது நல்ல தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியும்.

"கேட்டுப் பாப்பம்" என்றாள்.

கனடா இலக்கம் அவர்கள் ஒரு மார்கழியில் அனுப்பிய நத்தார் வாழ்த்து மட்டையின் பின்னால் இருந்தது. தொலைபேசிக் கடை துறைமுகத்துப் பக்கம். அங்கே போக, துறையைக் காவல் காக்கிற நேவிக்காரனிடம் அடையாள அட்டையைக் காட்டி, எங்கே, எதற்கு என்று சொல்ல வேண்டும். தண்ணீர் கேட்கப் போகிறோம் என்று அம்மா தமிழில் சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. தன்னுடைய போத்திலை நீட்டினான். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

கடைக்காரப் பெடியன் இலக்கத்தை அடித்து அம்மாவிடம் கொடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டபடியால் எனக்கும் கேட்டது. நித்திரையால் எழும்பிய அந்த வீட்டு அக்காவின் குரல்.

"அக்கா, நீங்களோ? என்ன, ஆருக்கும் ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை பிள்ளை. புயல் அடிச்சது. எங்கட கிணத்துக்கை கடல் வந்திட்டுது. உங்கட கிணத்திலை குடிக்கிறதுக்கு மட்டும் அள்ளட்டோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"இதைக் கேக்கவோ அக்கா இவ்வளவு காசு குடுத்து எடுத்தனீங்கள்? அள்ளுங்கோ, தாராளமாய் அள்ளுங்கோ."

அம்மாவுக்கு அவ்வளவுதான் வேண்டும். ஆனால் அவள் வைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். "இரண்டு வளவுக்கும் நடுவிலை உங்கட வேலி கிடக்கெல்லோ. அதிலை ஒரு கல்லும் நாங்கள் தொடேல்லை. அப்பிடியே இருக்கு" என்றாள்.

"என்ன வேலி அக்கா?"

அம்மா விளங்கப்படுத்தினாள். கூரைக்குக் கல் எடுத்தது, மேற்கு வேலி, கடல் வந்தது, எல்லாம். கடைக்காரப் பெடியன் மணிக்கூட்டைப் பார்த்தான். அந்தப் பக்கம் அந்த அக்கா மெல்லச் சிரித்தது கேட்டது. பகிடிச் சிரிப்பு இல்லை. என்ன சொல்லுவது என்று தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"ஐயோ அக்கா. அதை முழுக்க எடுத்திருக்கலாமே. நாங்கள் இனி அங்கை வந்து என்ன செய்யிறது? பிள்ளையளுக்கு ஊர் எண்டாலே தெரியாது. இவர் அந்தக் காணியை விக்கச் சொல்லித் தன்ரை மச்சானிட்டை அற்றோணி அதிகாரம் எழுதிக் குடுத்து இரண்டு வருஷமாச்சு. உங்களுக்கு அவர் சொல்லேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை" என்றாள் அம்மா. பிறகு பிள்ளைகளின் சுகத்தைக் கேட்டாள். குளிரைக் கேட்டாள். வைத்துவிட்டாள்.

திரும்பி வருகிற வழி முழுக்க அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஒழுங்கைக்குள் வந்ததும் மூடியிருந்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அவற்றை அவள் முதன்முறை பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. அன்று அவள் வடக்குக் கிணற்றில் அள்ளவில்லை. அடுத்த நாள் காலையில் வேலியைத் தாண்டிப் போய் ஒரு குடம் அள்ளி வந்தாள். தேத்தண்ணி போட்டு எனக்கும் தந்தாள். நல்ல தண்ணீர். இருவரும் குடித்தோம்.

அப்பா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். எங்களைக் கூட்டிப் போகத்தான் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விற்கிறவன் ஆருக்கோ விற்பான், வாங்குகிறவன் உன்னை அள்ள விடுவான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். அம்மா அதை ஏற்கெனவே யோசித்திருந்தாள். கிணற்றில் அரைப் பங்கும், போய்வர ஒரு பாதையும் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதி எடுப்போம் என்றாள். எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் அப்படி எழுதுவது வழக்கம்தான். மற்றப் பங்குதாரர் ஆராக வருவார் என்று தெரியாததுதான் இங்கே புதினம்.

"சனமில்லாத ஊரிலை கிணத்துப் பங்கோ?" என்றார் அப்பா.

"சனமில்லையெண்டு ஆர் சொன்னது? நான் இருக்கிறன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தைக்கு என்ன சொல்லுவது என்று மட்டும் கேட்டார்.

பட்டினத்தில் நொத்தாரிசு உறுதியை வாசித்தபோது எனக்கு விளங்கியது, அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் திருப்பிச் சொன்னேன்: நல்ல தண்ணீர்க் கிணற்றில் சரிபாதிப் பங்கும், வடக்கு வேலியில் ஒரு ஆள் போகிற அளவுக்குப் படலை வைத்துப் போய்வரும் உரிமையும். படலைக்காக எடுக்கிற கல் ஆருக்குச் சொந்தம் என்று அம்மா கேட்டாள். நொத்தாரிசு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அதையும் எழுதச் சொன்னாள். அற்றோணியோடு வந்திருந்த அந்த மச்சான்காரர் அவசரமாகத் தலையாட்ட, அதையும் எழுதினார்கள். அவள் பெருவிரலை வைத்தாள்.

பங்குக்கு முப்பத்தோராயிரம். நொத்தாரிசுக்கும் முத்திரைக்கும் ஐயாயிரத்து இருநூறு. கனடாவுக்குக் கதைத்தது அறுநூற்றைம்பது. படலைக்கு மரமும் பிணைச்சலும், மூவரின் படகுக் கூலியும் பஸ் கூலியும் ஆயிரத்து அறுநூறு. அம்மாவின் இரண்டு தங்கக் காப்பும் அதற்குப் போயின. அம்மா தீவில் இருப்பதற்கு, எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.